தள்ளுபடி சாரும் ஏழு கொத்துகளும்

"இந்தக் கட்டையை நானே, என் கையாலேயே, வேரோட பிடுங்கி எறியறேன். எவனும் வர வேண்டாம்!"

தள்ளுபடி சார் இப்படிச் சபதம் போட்டபோது அவர் கையில் இருந்த ஒரே ஆயுதம் டீ கிளாஸ்.

சபதத்துக்குக் காரணம் கட்டை அல்ல, அவருடைய மச்சான். வீட்டுக்குப் பின்னால் நின்ற மரத்தை வெட்டி ஒரு வருஷம் ஆகிவிட்டது. மரம் போய்விட்டது, அடிக்கட்டை போகவில்லை. ஏழு வேர்களை ஏழு பக்கமும் நீட்டிக்கொண்டு, வாடகை கொடுக்காமலே உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு வேர் துவைக்கிற கல்லுக்கு அடியில் புகுந்து கல்லையே நெம்பிவிட்டது.

"ஒரு வருஷமா நான் துணி துவைக்கலைங்க, ஊஞ்சல் ஆடறேன்" என்றார் மனைவி. "பேசாம என் தம்பியை வரச் சொல்றேன். ஒரே காலைல பிடுங்கிப் போட்டுட்டுப் போயிடுவான்."

பிடுங்குவான். அதில் சாருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் காலையில் கட்டையைப் பிடுங்கிவிட்டு, அடுத்த பத்து வருஷம் சாரைப் பிடுங்குவான். குளியலறைத் தாழ்ப்பாளுக்கு ஒரே ஒரு திருகாணி போட்டுக் கொடுத்தவன், நாலு வருஷமாக எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றும் முன்பே, "தாழ்ப்பாள் எப்படி இருக்கு மாமா?" என்றுதான் விசாரிக்கிறான். மாமா எப்படி இருக்கிறார் என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

அதனால்தான் சபதம். போட்ட பிறகுதான் சாருக்குக் கொஞ்சம் வியர்த்தது.

அவருக்குக் குழாய்த் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஒழுகுகிற குழாய், கோணிய குழாய், மரை தேய்ந்த குழாய் எது வந்தாலும், சிவப்பு மெழுகுக் கட்டியால் அதன் கழுத்தில் 'தள்ளுபடி' என்று எழுதி, தேதி போட்டு, கீழே ஒரு சின்னக் கையெழுத்தும் போட்டு ஒதுக்குவார். அந்த எழுத்து லேசில் அழியாது. தெருவில் எல்லோருக்கும் அவர் தள்ளுபடி சார்தான். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

அவர் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவர். பிள்ளை கையில் மண்வெட்டி வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்தார்கள். அந்த ஆசைக்கு அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதுவரை மண்வெட்டியைத் தொட்டதே கிடையாது.

இப்போது தொட்டார். படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய மண்வெட்டியை எடுத்துவந்து, வேரைப் பார்த்து ஒரே போடு. வேர் அப்படியே இருந்தது. மண்வெட்டி மடங்கிக்கொண்டது.

"சரியாப் போச்சு" என்றார் மனைவி. "இந்த வீட்ல இப்ப ரெண்டு வெட்டி. ஒண்ணு மண்வெட்டி."

இன்னொன்று எது என்று சார் கேட்கவில்லை. ஏனென்றால் அந்த நொடியில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. குற்றம் ஆளின் மேல் இல்லை, கருவியின் மேல்! சரியான கருவி இல்லாமல் வேலையைத் தொடங்கக் கூடாது. சரியான கருவியை அவசரப்பட்டுத் தேர்ந்தெடுக்கவும் கூடாது. இன்னும் இரண்டே மாதத்தில் மழை வந்துவிடும். மழை வந்தால் பின்வாசல் முழுக்கச் சேறு. சேற்றில் மச்சானும் கால் வைக்க மாட்டான். அதுவரை கருவியைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தால் போதும். சபதமும் நிற்கும், இடுப்பும் நிற்கும்.

அந்த ஞாயிறே இரும்புக்கடைக்குப் போனார். கடைக்காரர் பொறுமைசாலி. "வேருக்குன்னா இதுதான் சார்" என்று ஒன்றை எடுத்து வைத்தார். ஒரு பக்கம் கோடாலி மாதிரி, மறுபக்கம் மண்வெட்டி மாதிரி. "ரெண்டுவாய்க் கொத்து. ஒரு வாய் வேரை வெட்டும், ஒரு வாய் மண்ணை வாரும்."

சார் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரும்பு ஒரே அடியாக அடித்ததா, ஒட்டவைத்ததா? பிடியில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா, குறுக்கே ஓடுகிறதா? குறுக்கே ஓடினால் பத்தாவது அடியில் முறியுமே? தட்டினால் 'ணங்' என்கிறதா, 'ணொங்' என்கிறதா? ஒன்றரை மணி நேரம் கேட்டார். இரண்டு டீ குடித்தார். வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

"ஒண்ணும் சரியில்ல. எல்லாம் தள்ளுபடி."

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம் மட்டும் கிடையாது.

"எப்படித் தெரியும்?"

"பார்த்தாலே தெரியும்."

"விடையை மட்டும் எழுதினா நான் மார்க் போட மாட்டேன். செய்முறை எங்க?"

"செய்முறையா?"

"வேர்ல வெட்டிப் பார்த்து, இன்ன காரணத்தால ஆகாதுன்னு காட்டணும். அந்தக் கடைக்கார அண்ணனோட மக என் கிளாஸ்லதான் படிக்கிறா. சனிக்கிழமை வரும்போது ஒண்ணு எடுத்துட்டு வரேன், ஞாயித்துக்கிழமை சோதிங்க. சரியில்லன்னா திங்கக்கிழமை போகும்போது திருப்பிக் கொடுத்துடறேன். நமக்கென்ன?"

சாருக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வாரத்துக்கு ஒன்று! இரண்டு மாதத்துக்கு எட்டு! இந்த அம்மாள் தனக்கே தெரியாமல் தன் திட்டத்தில் சேர்ந்துவிட்டாரே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

முதல் ஞாயிறன்று முதல் கொத்துக்குச் சோதனை. பச்சை வர்ணம், நீளப் பிடி. வாசல் பக்க வேரில் சார் அரை மணி நேரம் கொத்தினார். வேர் துண்டானது. அது ஒரு துரதிர்ஷ்டம். ஆனாலும் சார் அசரவில்லை.

"பிடி நீளம். தோள்பட்டை போயிடும். தள்ளுபடி" என்று அறிவித்து, பழக்க தோஷத்தில் கொத்தின் கழுத்தில் சிவப்பு மெழுகால் எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார்.

இரண்டாவது ஞாயிறு நீல வர்ணம், குட்டைப் பிடி. ஏற்கனவே வெட்டிய வேரின் மேலேயே ஒரு தட்டுத் தட்டிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஏங்க, உங்க ஃபாக்டரியில ஒரு தடவை சோதிச்ச குழாயை வச்சுத்தான் அடுத்த குழாயைச் சோதிப்பீங்களா?"

"சேச்சே! ஒவ்வொரு சோதனைக்கும் புதுசா எடுக்கணும். அதுதானே முறை?"

"அப்ப இதுக்கும் புது வேர் எடுங்க. முறைன்னா முறைதான்."

தொழில் தர்மத்தைத் தொட்டுவிட்டார். சார் புது வேரை எடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. "இரும்பு வெண்ணெய் மாதிரி இருக்கு. தள்ளுபடி."

மூன்றாவது சிவப்பு. "இது கண்ணாடி மாதிரி. எப்ப வேணா தெறிக்கும். தள்ளுபடி."

நான்காவது மஞ்சள்.

"தலைக்கனம் ஜாஸ்தி" என்றார் சார், மூச்சு வாங்கிக்கொண்டே.

"யாருக்கு?"

"கொத்துக்குத்தான்."

"சும்மா கேட்டு வச்சேன்."

ஐந்தாவதை நெஞ்சுக்கு மேலே தூக்கினால் காற்று மாதிரி இருந்தது. கனம் போதவில்லை, தள்ளுபடி. ஆறாவதற்கு வழுவழுப்பான உருண்டைப் பிடி.

"பிடி பிடிக்கல."

"பிடிக்கத்தானே பிடி?"

"எனக்குப் பிடிக்கலைங்கறேன்."

"கையில பிடிக்கலையா, மனசுக்குப் பிடிக்கலையா? தெளிவா எழுதுங்க, பாதி மார்க் போயிடும்."

இதற்குள் வேறு சில மாற்றங்களும் நடந்திருந்தன. ஞாயிறு மத்தியானம் சார் ஒரு தட்டு அதிகமாகச் சாப்பிட்டார். படுத்தால் கட்டை மாதிரித் தூங்கினார். இடுப்பு வாரில் ஒரு ஓட்டை உள்ளே போனார். உள்ளங்கை காய்த்துப் போனதைத் தொழிற்சாலையில் நண்பர்களிடம் விரித்துக் காட்டி, "கருவியைச் சோதிக்கிறதுன்னா சும்மாவா?" என்று பெருமை அடித்தார். மனைவி ஒவ்வொரு ஞாயிறும் பின்வாசல் படியில் பரீட்சைத் தாள்களோடு உட்கார்ந்து திருத்திக்கொண்டே, நடுவில் எலுமிச்சைச் சாறும் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் இருவரும் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டிருந்தது அந்த ஞாயிறுகளில்தான்.

ஏழாவது ஞாயிறு வானம் மூடிக்கொண்டு நின்றது. சாருக்கு அதைப் பார்த்ததும் வாயெல்லாம் பல். இன்று ஒரு தள்ளுபடி, நாளை மழை, கட்டை இங்கேயே இருக்கும், மச்சான் அங்கேயே இருப்பான். ஜெயித்தாகிவிட்டது!

கொத்துக்குக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தது. மிச்சமிருந்தது துவைக்கிற கல்லுக்கு அடியில் போகும் வேர் ஒன்றுதான். கடைசிச் சோதனை என்பதால் சார் தாராளமாகவே வெட்டினார். ணங், ணங், ணங்! வேர் அறுந்தது. கல் 'தொப்' என்று தன் பழைய இடத்தில் உட்கார்ந்தது.

"ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்று சார் நெற்றியைத் துடைத்தார். "மோசமான கொத்து. இவ்வளவு நாள் பார்த்ததுலேயே மோசம். அந்த ரெண்டாவது இரும்புகிட்ட இந்த இரும்பு நிக்க முடியுமா?"

"அப்படியா? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க."

"நான் பார்க்காத இரும்பா?"

மனைவி திருத்திய தாள்களை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வந்தார். செருப்பு போட்ட காலால் கட்டையை ஒரு தள்ளு தள்ளினார். அது ஏதோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் குழியைவிட்டுப் புரண்டு, இரண்டு உருட்டில் சுவரோரம் போய் நின்றது.

சார் குழியைப் பார்த்தார். கட்டையைப் பார்த்தார். ஏழு வேர், ஏழு ஞாயிறு. கணக்கு மெதுவாகத்தான் மண்டைக்குள் இறங்கியது.

"நான்... நான்தான் பிடுங்கிட்டேனா?"

"பின்ன? சபதம் போட்டீங்கல்ல?"

எல்லாம் போயிற்று என்றாலும் தொழில் கௌரவம் பாக்கி இருந்தது. எழுதியாவது தீர்ப்போம் என்று மெழுகுக் கட்டியை எடுத்துக் கொத்தின் கழுத்தைத் திருப்பினார். கல்லில் உரசியதில் அங்கே கறுப்பு வர்ணம் சில்லுச் சில்லாக உதிர்ந்திருந்தது. கறுப்புக்குக் கீழே வேறு இரண்டு வர்ணங்கள். அதற்குக் கீழே மஞ்சள். ஒவ்வொரு அடுக்கிலும் சிவப்பாக ஏதோ எழுத்து. நகத்தால் சுரண்டினார். மஞ்சளுக்கு அடியில் சிவப்பு, அதற்கு அடியில் நீலம். நீலத்தின் மேலே, அழகான கையெழுத்தில், தேதியோடு: 'தள்ளுபடி'.

அவருடைய கையெழுத்து.

"இது... அந்த ரெண்டாவது கொத்து..."

"முதல் கொத்தும் அதுதாங்க. வாராவாரம் கடைக்கார அண்ணன் பிடியை மட்டும் மாத்தி, வர்ணம் அடிச்சுக் கொடுத்தார். இருந்ததே ஒண்ணுதான். பாவம், நல்ல கொத்து. ஏழு வேரையும் வெட்டிடுச்சு."

"ஒரே இரும்பா! வெண்ணெய்னேன், கண்ணாடின்னேன், கனம்னேன், காத்துன்னேன்..."

"ஆமா, எல்லாத்தையும் நான் குறிச்சு வச்சிருக்கேன்."

"இதை உன் தம்பிகிட்ட..."

"சொல்ல மாட்டேன். மாமா தனியாவே பிடுங்கிட்டார்னுதான் சொல்வேன். அது உண்மைதானே?"

சாருக்கு மூச்சு வந்தது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். அது ஆடவில்லை. முதல் தூறல் விழுந்தது, மண் மணத்தது, உள்ளங்கை இதமாக எரிந்தது. தோற்றதுபோலவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது.

"சரி டீச்சர்" என்றார் கடைசியில். "ஏழு சோதனை பண்ணியிருக்கேன். ஒண்ணுக்காவது மார்க் உண்டா?"

மனைவி சிவப்புப் பேனாவை மூடினார்.

"விடை ஏழும் தள்ளுபடி. செய்முறைக்கு முழு மார்க்."