வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் குரைக்கவும்

ஒரு குடும்பத்தில் ஒருத்தி மட்டும் பல்கலைக்கழகம் போய்வந்தால், மற்ற எல்லோரும் அன்றோடு வாசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கவுன்சிலில் இருந்து கடிதம் வந்தால் துசியிடம் கொடு. கேஸ் கம்பனிக்காரன் கூடக் காசு கேட்டால் துசியைப் பேசச் சொல். துசி குளித்துக்கொண்டிருந்தால் கதவுக்கு அடியால் கடிதத்தைத் தள்ளிவிடு. (உண்மையாகவே தள்ளினார்கள். நனைந்தது.)

துசி நான்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள். அம்மாவும் அப்பாவும் போரில் இடம்பெயர்ந்த அலைச்சலில் படிப்பும் எங்கோ வழியில் விழுந்துவிட்டது. லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டு முன் அறையில் என் பட்டமளிப்புப் படம் முருகன் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. முருகனைவிட என் படம் கொஞ்சம் பெரிது. ஆனபடியால் 'எனக்கு இது தெரியாது' என்ற வசனம் என் வாயிலிருந்து வெளியே வருவதற்கு மிகவும் சிரமப்படும். இந்தக் கதை முழுக்க அந்த வசனம் வராததால் நடந்தது.

என் அக்கா வதனி என்னைவிட எட்டு வயது மூத்தவள். அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையில் வேலை. அவளுக்கும் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த நிரோ அத்தானுக்கும் பதிவுத் திருமணம் முடிந்திருந்தது. எங்கே குடியிருப்பது என்பதுதான் முடியவில்லை. அத்தானை லண்டனுக்கு எடுப்பதற்கு அக்காவின் சம்பளம் போதாது என்று சட்டம் சொன்னது. அக்கா அமெரிக்காவில் தன் ஊரான ஒஹாயோவுக்கு வரலாம் என்று அத்தான் சொன்னார். அந்தப் பெயரைக் கேட்டதும் அம்மா படுத்துவிட்டார்.

அம்மா வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் விமானம் ஏறினவர். அது அவர் விரும்பி ஏறியதல்ல. இறங்கியதும், இனி இதில் ஏறுவதில்லை என்று முருகனுக்குச் சொல்லிவிட்டார். அக்கா அமெரிக்கா போனால் அம்மா அவளைப் பார்க்கப்போவது போன் திரையில் மட்டும்தான். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா மட்டும் ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, "துசி, நீ ஏதும் வழி தேடிப் பாரன்" என்றாள்.

தேடினேன். வேலை முடிந்து வந்து, கண் எரிய எரியத் தேடினேன். கிடைத்தது. அமெரிக்காவுக்கும் நெதர்லாந்துக்கும் இடையில் பழைய நட்பு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி அமெரிக்கக் குடிமகன் ஒருவர் நெதர்லாந்துக்குப் போய்ச் சின்னதாக ஒரு தொழில் தொடங்கலாம். கணிசமான ஆனால் சமாளிக்கக்கூடிய ஒரு தொகையைத் தொழிலின் வங்கிக் கணக்கில் போட்டு வைக்க வேண்டும். நகரசபையிலும் வர்த்தகச் சபையிலும் பதிய வேண்டும். அந்த ஊர்க் கணக்காளர் ஒருவர் தொடக்கக் கணக்கை எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான், முதலில் இரண்டு வருடம் வதிவிட அனுமதி. மனைவியும் கூடப் போகலாம்.

"லண்டனில இருந்து ரயிலிலயே போகலாம் அம்மா. கடலுக்குக் கீழால போகும்."

"கீழாலயோ?" அம்மா எழுந்து உட்கார்ந்தார். "பரவாயில்லை. மேலால இல்லைத்தானே."

இந்த ஒப்பந்தத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'டாஃப்ட்' என்று வரும். லண்டனில் அந்தச் சொல்லுக்கு மடத்தனம் என்று அர்த்தம். நான் அதை வீட்டில் விளக்கியது பிழை. அன்று மாலையே அது 'விசர் விசா' ஆகிவிட்டது.

அடுத்த சிக்கல், அத்தானின் தொழில். அவர் 'ட்ரெயினர்' என்று சம்பந்தம் பேசும்போது சொன்னார்கள். கம்ப்யூட்டர் படிப்பிக்கிறவர் என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். விசாவுக்காகத் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் பழக்குவது நாய்களை. அதிலும் ஓயாமல் குரைக்கிற நாய்களைக் குரைக்காமல் இருக்கப் பழக்குவது அவருடைய தனித் திறமை.

அம்மா முருகன் படத்தைப் பார்த்துச் சொன்னார்: "எங்களுக்கே படிக்கக் கிடைக்கேல்லை. இவர் நாய்க்குப் படிப்பிக்கிறாராம்."

ஆனால் அத்தான் நெதர்லாந்து போகும் வழியில் லண்டனில் இறங்கி, ஒரு கிழமை எங்கள் வீட்டில் தங்கியபோது அம்மா மனம் மாறினார். பக்கத்து வீட்டு பற்றீசியா ஆன்ரியின் நாய் பிஸ்கட், தபால்காரர் தொடங்கிப் புறா வரைக்கும் எல்லாவற்றுக்கும் குரைக்கும். அத்தான் வந்த நாலாம் நாள் அது வாயை மூடியது. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற அப்பா, "இந்த மாப்பிள்ளை கடவுள்" என்று சொல்லிவிட்டு மறுபடி தூங்கப் போனார்.

இனிக் கணக்காளர். ரொட்டர்டாமில் ஒருவரைப் பிடித்தேன். அவர் பெயர் யான். (சங்கத் தமிழில் பேசுகிறார் என்று நினைக்க வேண்டாம். அங்கே அது சாதாரணப் பெயர்.) புதிய வாடிக்கையாளர்களை ஒருமுறை பேசிப் பார்த்துத்தான் எடுப்பாராம். நான் கேட்டுப் பார்த்த மற்ற இரண்டு பேருக்கும் நேரமில்லை. அதனால் யான் எங்களை எடுத்தால் அக்கா ரொட்டர்டாம், எடுக்காவிட்டால் அக்கா ஒஹாயோ என்று எங்கள் வீட்டில் எண்ணம் ஊறிவிட்டது.

அவரை மயக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மின்னஞ்சலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன்: 'எங்கள் குடும்பத்தில் உங்கள் மொழியைச் சரளமாகப் பேசுபவர் இருக்கிறார். நீங்கள் தாராளமாக டச்சு மொழியிலேயே எழுதலாம்.'

அந்த ஆள் ராசன் சித்தப்பா. லண்டன் வருவதற்கு முன் ஐரோப்பாவில் பல நாடுகளில் அலைந்தவர். எங்கெங்கே எவ்வளவு காலம் என்று அவரிடம் யாரும் ஒழுங்காகக் கேட்டதில்லை, ஏனென்றால் சொல்லத் தொடங்கினால் முடிக்கமாட்டார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"சித்தப்பா, உங்களுக்கு டச் தெரியுமா?"

"டொச்சோ? அது எனக்குத் தண்ணி பட்ட பாடெல்லோ பிள்ளை!"

இந்த இடத்தில் நம் ஆட்கள் சிலர் இப்போதே சிரிக்கத் தொடங்கியிருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜெர்மனிக்குப் போன எங்கள் ஆட்கள் ஜெர்மன் மொழியை 'டொச்' என்றுதான் சொல்வார்கள். அந்த நாட்டுக்காரரே தங்கள் மொழிக்கு வைத்த பெயர் அது. நெதர்லாந்துக்காரர் பேசும் டச்சு வேறு. எனக்கு இது தெரியாது. சித்தப்பாவுக்குச் சரியான உச்சரிப்பு, எனக்கு லண்டன் உச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

யானின் பதில் வந்தது. டச்சு மொழியில், நாலே வரி. சித்தப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். நெற்றி சுருங்கியது.

"இந்த மனுசன் பள்ளிக்கூடம் போகேல்லைப் போல. எல்லாம் எழுத்துப் பிழை."

எனக்கு யான் மேல் பரிதாபம் வந்தது. படிக்க வசதி இல்லாத குடும்பமாக இருக்கும் என்று நினைத்தேன். (அவர் கணக்காளர் என்பதை அந்த நேரம் மறந்துவிட்டேன்.)

"ஆனா விளங்குது," என்றார் சித்தப்பா. "வெள்ளிக்கிழமை. பத்து மணி. உங்கட தொழில் சம்பந்தமா..." நிறுத்தினார். மறுபடி வாசித்தார். "பெல்லென். குலைக்கட்டாம்." (நாய் குரைப்பதை நாங்கள் குலைப்பது என்போம்.)

"ஆர் குலைக்கிறது?"

"அது எழுதேல்லை. தனக்குக் குலைக்கட்டாம். கீழ நம்பரும் போட்டிருக்கு."

நான் படித்த பெண் அல்லவா. சும்மா நம்புவேனா? போனை எடுத்து மொழிபெயர்ப்பில் சோதித்தேன். சித்தப்பாவின் முகம் கறுத்தது. "நான் இருக்கேக்க மெசினிட்டைக் கேக்கிறியோ?" என்றார். நான் விடவில்லை. மொழிகளின் வரிசையில் 'டொச்' என்று அந்த மொழியின் எழுத்திலேயே இருந்தது. அதுதான் டச்சு, அவர்கள் இப்படித்தான் எழுதுவார்கள் என்று முடிவு கட்டி, அதை அமுக்கி, அந்த ஒரு சொல்லை மட்டும் தட்டினேன். திரையில் தெளிவாக வந்தது: குரைத்தல்.

"பாத்தியோ!" என்றார் சித்தப்பா.

அத்தானிடம் போய்ச் சொன்னோம். அவர் மட்டும் அன்று கொஞ்சம் சந்தேகப்பட்டிருந்தால் நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். அவரோ மாமனார் வீட்டில் மரியாதையான பிள்ளை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேக்ஸ் சென்ஸ்" என்றார். "முதல்ல நாய் குலைக்க வேணும். பிறகு நான் நிப்பாட்ட வேணும். பிஃபோர், ஆஃப்டர். நல்ல அக்கவுண்டன்ட்."

வெள்ளிக்கிழமை காலை அம்மா விளக்கு ஏற்றினார். அத்தான் டை கட்டினார். பற்றீசியா ஆன்ரியிடம் இரவல் வாங்கிய பிஸ்கட்டை சோபாவுக்கு முன்னால் இருத்தினோம். அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு, வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள். வெறும் சத்தத்தை எப்படி நம்புவார் என்று நான் வீடியோவிலேயே அழைப்பு எடுத்தேன்.

யான் திரையில் வந்தார். மெலிந்த மனிதர், கையில் காப்பிக் கோப்பை. டச்சில் வணக்கம் சொன்னார். சித்தப்பா ஜெர்மனில் வணக்கம் சொன்னார். காலை வணக்கம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால் பிழையைப் பிடிக்கக் கிடைத்த கடைசி வாய்ப்பும் கைநழுவியது. யான் ஏதோ கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"தொடங்கட்டாம்," என்றார் சித்தப்பா.

பிஸ்கட் குரைக்கவில்லை. அத்தான் அதை அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார். நான் கதவு மணியை அடித்தேன். அம்மா வீடு கூட்டுகிற தும்புத்தடியை ஆட்டினார். சித்தப்பா பூனை போலக் கத்தினார். பிஸ்கட் அத்தானையே பார்த்துக்கொண்டு, தியானத்தில் இருப்பதுபோல இருந்தது. யான் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒஹாயோ என் கண்ணுக்குத் தெரிந்தது.

கடிதத்தில் யார் குரைக்க வேண்டும் என்று எழுதவில்லைத்தானே. முழங்காலில் நின்று, போனுக்கு முகத்தைக் காட்டி, நான் குரைத்தேன்.

முதலில் இரண்டு. அம்மா பின்னாலிருந்து, "வடிவாக் குலை பிள்ளை, அவருக்குக் கேக்கேல்லைப் போல" என்றார். வடிவாகக் குரைத்தேன். என் பட்டமளிப்புப் படத்துக்கு நேர் கீழே நின்று, அடித் தொண்டையிலிருந்து குரைத்தேன். அதைக் கேட்டுப் பிஸ்கட்டுக்கும் ரோசம் வந்து எழுந்து குரைக்கத் தொடங்கியது. சித்தப்பாவும் சேர்ந்துகொண்டார்.

அப்போது அத்தான் தன் கட்டத்தை ஆரம்பித்தார். வலது கையை உயர்த்தி, தாழ்ந்த குரலில், "சிட்" என்றார்.

பிஸ்கட் உட்கார்ந்தது. நானும் உட்கார்ந்தேன்.

அந்த அமைதியில் மாடிப்படியில் காலடி கேட்டது. அப்பா தூக்கக் கண்ணோடு எட்டிப் பார்த்து, "ஆரடி நாய் வாங்கினது?" என்றார்.

யான் தொண்டையைச் செருமினார். பிறகு எங்கள் வீட்டில் எவரையும்விட நல்ல ஆங்கிலத்தில் சொன்னார்: "நான் உங்களை எனக்குப் போன் எடுக்கச் சொல்லித்தான் எழுதினேன்." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

டச்சில் 'பெல்லென்' என்றால் தொலைபேசியில் அழைப்பது. ஜெர்மனில் அதே சொல் குரைப்பது. இதை நான் பத்து நிமிடத்துக்குப் பிறகு சரியான மொழியை அமுக்கிக் கண்டுபிடித்தேன். சித்தப்பா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. "நான் டொச் எண்டுதானே சொன்னனான்," என்றார். அது உண்மைதான்.

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "நீ படிச்சனிதானே துசி" என்று மட்டும் சொல்லிவிட்டு மேலே போனாள். சனியும் ஞாயிறும் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. பிஸ்கட்கூட வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தது. எனக்கு ஒரே களைப்பு. எத்தனையோ வருடம் எல்லோருக்குமாக வாசித்த களைப்பு முழுவதும் அந்த இரண்டு நாளில் வந்து உட்கார்ந்தது.

திங்கட்கிழமை காலை அக்கா என்னிடம் கேட்கவில்லை. யானின் நம்பரைத் தானே எடுத்து, கடைக்குப் போகும் பஸ் தரிப்பில் நின்றபடி அழைத்தாள். சேலைக் கடையில் எல்லா ஊர்க்காரருக்கும் விற்றுப் பழகிய ஆங்கிலம் அவளுடையது. நான் பக்கத்தில் நின்றேன்.

"நான் அவரின்ர மனைவி," என்றாள். "எங்களுக்கு உங்கட ஊரிலதான் இருக்க வேணும். அம்மா பிளேன் ஏறமாட்டா. வெள்ளிக்கிழமை நடந்ததுக்கு மன்னியுங்கோ."

பிறகு யான் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"நாய் உட்கார்ந்தது சரி. அந்தப் பெண்ணையும் அவர்தான் பழக்கினாரா?"

அக்கா என்னைப் பார்த்தாள். மூன்று நாளுக்குப் பிறகு முதல்முறையாக அவள் வாய்க் கோணத்தில் ஏதோ அசைந்தது. "ஓம்," என்றாள். அப்படியென்றால் தொழில் ஓடும் என்று சொல்லி, யான் கணக்கை எடுத்துக்கொண்டார்.

இப்போது அவர்கள் ரொட்டர்டாமில் இருக்கிறார்கள். அத்தானின் அனுமதியை ஒருமுறை புதுப்பித்தும் ஆகிவிட்டது. அம்மா கடலுக்குக் கீழால் போய் வருகிறார். எங்கள் வீட்டில் போன் எடுப்பது என்ற சொல் வழக்கொழிந்துவிட்டது. "போய்ச் சேர்ந்ததும் குலை" என்றுதான் அம்மா என்னை ரயிலேற்றுவார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா இன்னும் குலைக்கேல்லையோ?" என்று என்னை உரத்துக் கேட்பார். முன் சீட்டில் இருக்கும் தமிழ்ச் சனம் திரும்பிப் பார்க்கும். நான் யன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

கடிதங்கள் இன்னமும் எனக்குத்தான் வருகின்றன. ஆனால் இப்போது அக்காவும் ஒருமுறை வாசித்துப் பார்த்து, அத்தானின் கணக்கு விஷயங்களை யானிடம் நேரே பேசிவிடுகிறாள். அது எனக்குப் பெரிய உதவி.

போன டிசம்பர் நத்தாருக்கு எல்லோரும் ரொட்டர்டாமில் கூடினோம். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்று நான் எதையோ விளக்கிக்கொண்டிருந்தபோது, அத்தான் பகிடிக்குக் கையை உயர்த்தி, "சிட்" என்றார்.

உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால், அன்று முழுக்க யாராவது என்னைப் பார்த்து, விளக்கினது போதும், உட்கார் என்று சொல்லமாட்டார்களா என்றுதான் காத்திருந்தேன்.