தகரச் சுவரோரம் கிடைத்த மூன்றாம் பாகம்

லோம்பேயின் இசைக்கோவைக்கு நான்கு பாகங்கள். முதலாவது தயார். இரண்டாவது தயார். நான்காவதும் தயார். மூன்றாவது இருக்கவேண்டிய இடம் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி காற்று வாங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கிட்வே நகரச் சமூகக் கூடத்தில் கச்சேரி. இன்று திங்கள்.

அவனும், அவனைப்போலச் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்க்கிற இன்னும் மூன்று பேரும் சேர்ந்த குழுவுக்கு 'மின்சாரப் பல்லிகள்' என்று பெயர். இசைக்கோவையில் பாட்டு கிடையாது. ஒரு சொல்கூடக் கிடையாது. இருபது நிமிஷம் கிடார் கதறும், ஆர்கன் புகையும். கேட்கிறவன் பூமிக்குள் இறங்கி, இருட்டில் தொலைந்து, கடைசியில் வெளிச்சத்துக்கு ஏறி வரவேண்டும். தொலைந்தவனைக் கையைப் பிடித்து ஏற்றிவிட ஒரு தாளம் வேண்டும். அதுதான் அகப்படவில்லை.

கச்சேரி எடுபட்டால் ண்டோலா, லுசாக்கா, லிவிங்ஸ்டன் என்று மூன்று வாரச் சுற்றுப்பயணம். குறுக்கே நின்றது ஒரே ஆள்தான். மனைவி.

"போன தடவை போனீங்களே, பாஷிகசோண்டே, ஞாபகம் இருக்கா?" என்றாள். மூத்தவன் பெயர் கசோண்டே. அதனால் தெருவுக்கே இவன் பாஷிகசோண்டே, கசோண்டேயின் அப்பா; அவள் பானாகசோண்டே, அம்மா. "மூணு பிள்ளைங்களுக்கும் ஒரே நேரத்துல அம்மை. நான் ஒருத்தி. திரும்பி வந்தப்ப என்ன கொண்டு வந்தீங்க?"

"அனுபவம்."

"அது அடுப்புல வேகல."

"இந்தத் தடவை பாரு பானாகசோண்டே, கூடமே எழுந்து நிக்கும்!"

"நிக்குமா?"

"நிக்கும்."

"சரி. கூடம் முழுக்க எழுந்து நின்னா போயிட்டு வாங்க, நான் குறுக்க வரல. நிக்கலேன்னா கிடாரைக் கட்டிலுக்கு அடியில போட்டுட்டு, கூரை ஓட்டையை அடைங்க."

லோம்பே அவளை ஏற இறங்கப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு கரண்டிக் குழம்பைக்கூட இவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுத்ததில்லை. இவள் ஏதோ பொறி வைத்திருக்கிறாள். எங்கே வைத்திருக்கிறாள்?

செவ்வாய்க்கிழமை காலை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், அவள் புதுச் சிட்டெங்கே துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"பானா நகோலே வீட்டுக்கு. ஒரு பொண்ணுக்குக் கல்யாணம் வருது. சொல்லிக்கொடுக்கணும்."

"என்ன சொல்லிக்கொடுப்பீங்க?"

"ஆம்பளை கேக்கக்கூடாதது."

அது தெரிந்ததுதான். மணப்பெண்ணுக்குப் பெண்கள் பறை அடித்துப் பாடம் சொல்லும்போது ஆண்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். ஆனால் இதே வாரமா? கூட்டம் கூடி என் பயணத்துக்குக் குழி பறித்தால்? லோம்பே தன் நாலு அங்குலக் குதிகால் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவள் பின்னால் பூனை நடை நடந்தான். பூனைக்கு அந்த உயரம் பழக்கமில்லை. வழியில் இரண்டு முறை விழுந்தான்.

பானா நகோலே சந்தையில் கபென்டா என்ற பொடிமீன் கருவாடு விற்பவள். தராசு பிடிக்கிற கைதான் பறைக்கும் தலைமை. அவளுடைய பின்கட்டுச் சமையலறைக்குத் தகரச் சுவர். லோம்பே காதை ஒட்டினான். என்னவோ முணுமுணுப்பு. ஒரு சிரிப்பு. தன் பெயர் வருகிறதா என்று மூச்சைப் பிடித்தான். வரவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

திடீரென்று பறை எழுந்தது.

நாலு அடி, ஒரு இடைவெளி, மூன்று அடி, பாதி மூச்சு, மறுபடி நாலு. இருட்டில் ஒருவன் ஏணியைத் தடவித் தடவி ஏறுகிற மாதிரி. இதுதான்! மூன்றாம் பாகம்! விரல்கள் தாமாகவே தகரத்தில் தட்டிப் பார்த்தன. புதனும் போனான், வியாழனும் போனான். ஒவ்வொரு நாளும் அதே தாளம், அலுக்காமல், பொறுமையாக. வெள்ளிக்கிழமை டிரம்ஸ்காரன் சிதாலுவுக்குக் கற்றுக்கொடுத்தான்.

"எங்கேருந்து புடிச்சே?"

"கனவுல வந்துச்சு."

"நல்ல கனவா இருக்கே. எனக்கு வர்றதெல்லாம் மாமியார்தான்."

சனிக்கிழமை மேடையேறினால், வழக்கமாக வரும் பொடியன்களைக் காணோம். முன்வரிசை மூன்றிலும் சிட்டெங்கே கட்டிய பெண்கள். நடுவில் பானா நகோலே.

"இவங்களை யார் கூப்பிட்டா?" என்று மேடையோரம் குனிந்து கேட்டான்.

"ஏன், உங்களுக்குக் கூட்டம் வேணாமா?" என்றாள் மனைவி.

முதல் பாகத்தில் பெண்கள் வேர்க்கடலை உரித்தார்கள். இரண்டாம் பாகத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். மூன்றாம் பாகம் தொடங்கியது. நாலு அடி, இடைவெளி, மூன்று அடி...

கடலை நின்றது. பானா நகோலே எழுந்தாள். முதல் வரிசை எழுந்தது. மூன்று வரிசையும் எழுந்தன. மேடை மறைந்துபோனதால் பின்னாலிருந்த ஆண்களும் எழுந்தார்கள். கூரை பிய்கிற மாதிரி குலவை!

"எழுந்துட்டாங்க! கூடமே எழுந்துட்டாங்க!" என்று கிடாரைத் தலைக்குமேல் தூக்கினான் லோம்பே. கண்ணில் நீர் முட்டியது. லிவிங்ஸ்டன் ஊர்ப் பேரருவியே அவன் முன்னால் கொட்டியது.

அப்போதுதான் கவனித்தான். பெண்கள் நிற்கவில்லை. மேடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"இந்தத் தாளம் எங்க கிடைச்சுது, தம்பி?" என்றாள் பானா நகோலே.

"அது... கனவுல..."

"இது என் அடுப்படித் தாளம். பாடம் நடக்குறப்ப சுவத்துல ஆம்பளைக் காது ஒட்டியிருந்தா இதை அடிப்போம். கேட்டதும் பாடத்தை நிறுத்திட்டு எல்லாரும் எழுந்திருக்கணும். நம்ம நாலு தெருப் பொம்பளைக்கும் இது தெரியும். பல்லின்னு பேரு வெச்சா சுவத்துலதான் ஒட்டிக் கிடக்கணுமா?"

சிதாலுவின் மனைவி இரண்டாவது ஆளாக நின்றிருந்தாள். சிதாலு குச்சிகளைக் கீழே வைத்தான். "எனக்கு ஒண்ணும் தெரியாது. இவன்தான் கொடுத்தான்."

தீர்ப்பு அங்கேயே வந்தது. கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கிறது. அதுவரை தினமும் வேலை முடிந்ததும் பெண் வீட்டுக்கு விறகும் தண்ணீரும் லோம்பே பொறுப்பு.

"நீ வாக்குக் கொடுத்தே!" என்று மனைவியிடம் பாய்ந்தான். "கூடம் முழுக்க எழுந்து நின்னுச்சு!"

"நின்னுச்சு. நானா குறுக்க நிக்கிறேன்? தாராளமா போங்க. பானா நகோலேகிட்ட மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

கேட்கிற தைரியம் அவனுக்கும் இல்லை, குழுவில் எவனுக்கும் இல்லை. திங்களன்று பல்லிகள் வேறொரு கிடார்காரனோடு கிளம்பினார்கள். ண்டோலாவில் மூன்றாம் பாகத்தைத் திரும்ப வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்களாம்.

புதன்கிழமை பெண் வீட்டு முற்றத்தில் அவன் விறகு பிளந்துகொண்டிருந்தான். மனைவி இன்ஷிமாக் களியும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். தட்டைத் தொடாமல் கேட்டான்.

"நான்னு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. அந்தக் குதிகால் தடம் ஊர்ல வேற யாருக்கு இருக்கு?"

"அப்பவே வந்து பிடிச்சிருக்கலாமே! எதுக்கு மூணு நாள் அடிச்சீங்க?"

"முதல் நாள் தகரத்துல தட்டிப் பாத்தீங்களே, அத்தனையும் தப்பு," என்றாள் அவள், கருவாட்டை அவன் பக்கம் தள்ளியபடி. "உங்களுக்குச் சரியா வர்ற வரைக்கும் அடிச்சோம்."