அன்னப் படகில் அப்பா

எனக்குப் புத்தி இருக்கிறது என்று நம்பிச் செய்த காரியங்களில்தான் நான் அதிகம் தலைகுனிந்திருக்கிறேன். அவற்றில் முதலிடம், அப்பாவின் அஸ்தியைக் கரைத்ததற்கு.

தாராவியில் குழாய்த் தண்ணீர் விடியற்காலை இரண்டு மணி நேரம்தான் வரும். முப்பது வருஷம் அப்பாதான் எழுந்து டிரம்மை நிரப்பினார். நான் ஒரு நாளும் எழுந்ததில்லை (கல்லூரி மாணவனுக்குத் தூக்கம் முக்கியம்). கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: கடல் வேண்டாம், அது உப்பு; நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும். சொந்த ஊரான திருநெல்வேலிக்கு ரயில் டிக்கெட் கிடைக்கவில்லை. கல்யாண் ஸ்டேஷனுக்கு அப்பால் படகு விடும் அணை ஒன்றை மொபைலில் கண்டுபிடித்தேன். எனக்கே என்னைப் பிடித்துப்போனது.

போனது ஞாயிற்றுக்கிழமை. கரையெல்லாம் பாட்டு, சுட்ட சோளம், செல்ஃபி. மிச்சமிருந்தது அன்ன வடிவத்தில் ஒரு பெடல் படகுதான். அம்மாவின் வெள்ளைச் சேலைமேல் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டை மாட்டினார் படகுக்காரர். அவள் மடியில் துணி கட்டிய கலயத்தைப் பார்த்து, படகில் சாப்பிடக் கூடாது என்று இந்தியில் கண்டித்தார். சாப்பிட மாட்டோம் என்று சத்தியம் செய்தேன்.

இருவரும் மிதித்தோம். எனக்குத் திருப்பத் தெரியாமல் அன்னம் நடுவில் வட்டமடித்தது. அம்மா அதைப் பிரதட்சணமாக எடுத்துக்கொண்டாள். மூன்று சுற்று முடிந்ததும், "போதும்ல, விடு" என்றாள். கலயத்தைச் சரித்தேன். பாதி அப்பா காற்றில் திரும்பி என் சட்டைக்கே வந்தார். அந்தக் களேபரத்தில் எனக்கு அழக்கூட வரவில்லை.

கரையேறியதும், இவ்வளவு தண்ணீரும் எங்கே போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன். பம்பாய்க்குத்தான், உங்கள் வீட்டுக் குழாயில் வருவதே இதுதான் என்றார் படகுக்காரர், பெருமையாக.

திரும்பி வந்து சயான் ஸ்டேஷனில் இறங்கும்வரை, அப்பா கேட்ட ஒன்றையும் கெடுத்துவிட்டேன் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் விடியற்காலை குழாய் வழக்கம்போல இருமிவிட்டுத் தண்ணீர் விட்டது. அம்மா என் போர்வையை உருவினாள்.

"உங்கப்பா வந்துட்டாவ. எந்திரிச்சுப் பிடில."

எழுந்து டிரம்மை நிரப்பினேன். அப்போதுதான் அழுதேன்.

அதன்பின் ஒரு நாளும் தூங்கிக் கிடந்ததில்லை. தண்ணீர் வராத நாளில் என் மனைவியும் என்னைத்தான் கேட்கிறாள்:

"மாமாவுக்கு என்ன கோவம்? நேத்து என்ன செஞ்சிய?"