ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பாய்ஸும் கெங்கையம்மனும்

அம்பத்தூர்,
8-8-1974

வணக்கத்துக்குரிய வேம்புலி மாமாவுக்கு, அக்கா மகள் நாகவல்லி கையெடுத்துக் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா, நான், கோழிகள் உட்பட எல்லோரும் சௌக்கியம். கோலாரில் நீங்களும் அத்தையும் சின்னவனும் சௌக்கியம் என்பதை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டதால் மறுபடி கேட்கவில்லை.

தை மாதம் சின்னவனுக்குக் காது குத்தப்போவதாகவும், கெங்கையம்மனையே ஆட வைத்த கிடார் கோஷ்டியை அதற்கு அழைத்து வர வேண்டும் என்றும், அதில் பாடியவர் யார், எந்த ஊர் என்றும் கேட்டிருந்தீர்கள். அப்பா படித்துவிட்டுக் கடிதத்தை என்னிடம் நீட்டினார். "நீயே பதில் போடு பாப்பா. வாயாலதான் பேச மாட்ட, கையாலயாவது பேசு" என்றார். போன பொங்கலுக்கு நீங்கள் வந்து நான்கு நாள் தங்கியபோது நான் "வாங்க மாமா" என்று ஒரே ஒரு தடவை சொன்னேன். அதற்கே நீங்கள் எனக்கு வளையல் வாங்கித் தந்தீர்கள். வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொல்வார்கள் என்ற பயத்திலேயே எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதனால் எழுத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பாடியவர் யார் என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன்.

கோஷ்டியின் பெயர் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பாய்ஸ். மொத்தம் இரண்டு பேர். கிடார் ஜேம்ஸ் அண்ணன். அவருடைய அப்பாவுக்கு ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை. டிரம் தேவராஜ் அண்ணன். அதில் பாதிதான் டிரம், மீதி எண்ணெய் பீப்பாய். இரண்டு பேருக்கும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். மூன்று மணிக்குச் சங்கு ஊதியதும் நேரே எங்கள் மாட்டுக்கொட்டகைக்கு வந்துவிடுவார்கள். நிலம் எஸ்டேட்டுக்குப் போன பிறகு மாடுகளை விற்றுவிட்டதால் கொட்டகை சும்மாதான் கிடந்தது. ஜேம்ஸ் அண்ணனுக்கு இங்கிலீஷ் பாட்டு ஒன்றரை தெரியும். முதல் வாரம் முழுக்க அந்த ஒன்றரையையே வாசித்தார்கள். கொட்டகைச் சுவருக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுப்படி. நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எனக்குத் தெரிந்த ஒரே பாட்டை, அம்மனை வரவழைக்கப் பாடும் வர்ணிப்பை, பாடிக்கொண்டிருப்பேன். ஆடித் திருவிழாவில் வருஷா வருஷம் பம்பைக்காரர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டதில் அது முழுக்க மனப்பாடம். அந்தப் பீப்பாய்ச் சத்தத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்.

இனி அப்பா செய்த காரியம். பதினோரு வருஷமாகச் செங்கல்வராயன் பெரியப்பாவிடம் இருந்த கோயில் சாவி இந்த வருஷம்தான் அப்பா கைக்கு வந்தது. திருவிழாவை ஒழுங்காக நடத்தினால்தான் சாவி நிலைக்கும். பம்பைக்காரர் மதுரைவீரன் வீட்டுக்கு நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான் முறை என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவோ, "இன்னும் எத்தினி நாளிக்கு வெத்தலத் தட்ட தூக்கிகினு அலையறது? எஸ்டேட்ல எம்மாம் பெரிய மிசினுக்கும் ஒரு கடுதாசிலதான் ஆர்டர் போட்றாங்க" என்று சொல்லி, கம்பெனி டைப்பிஸ்ட்டைப் பிடித்து, '28-7-74 ஞாயிறு காலை எட்டு மணிக்கு பம்பை ஒன்று, உடுக்கை ஒன்று சப்ளை செய்யவும்' என்று டைப் அடித்து ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டார். மதுரைவீரன் கையெழுத்துப் போட்டு வாங்கிய அட்டை திரும்பி வந்தது. அப்பா அதை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு தெருவில் எல்லோருக்கும் காட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று அண்டா கூழ் காய்ச்சி இறக்கியாகிவிட்டது. ஜனங்கள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கிறார்கள். பொன்னியம்மா மேல் அம்மன் வந்து உத்தரவு கொடுத்தால்தான் கூழ் ஊற்றலாம். அதுவும் உச்சிப்பொழுதுக்குள் ஊற்றியாக வேண்டும். மணி பத்தரை ஆகியும் பம்பை வரவில்லை. சைக்கிளில் ஆள் போய் விசாரித்தால், மதுரைவீரன் விடிந்ததிலிருந்து பக்கத்து ஊர் நூம்பலில் பம்பை அடித்துக்கொண்டிருக்கிறாராம். "தாம்பூலம் குட்த்தது நூம்பல்காரங்க. உங்குளுது லெட்டரு. லெட்டர் வந்துச்சின்னு கையெய்த்து போட்டு அனுப்ட்டேனே, அப்பறம் இன்னா?" என்று கேட்டாராம். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது.

செங்கல்வராயன் பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "இன்னா கன்னியப்பா, பம்பைய பார்சல்ல அனுப்பிகீறாங்களா? உச்சிக்குள்ள கூழு ஊத்தலன்னா சாவிய குட்த்துடு." அப்பா இடுப்பில் இருந்த சாவியைப் பிடித்துக்கொண்டார். அப்போது தேவராஜ் அண்ணன், "கவலப்படாத நைனா, நாங்க அட்க்கிறோம்" என்று பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்துவிட்டார். இங்கிலீஷ் பாட்டு ஒன்றரையும் ஓடி முடிந்தது. பொன்னியம்மா வாயைப் பிளந்து கொட்டாவி விட்டாள். "இன்னாடா இது, கொசு கத்தறா மாதிரி கீது. இதுக்கு சாமி எப்டிடா வரும்? எனுக்குத் தூக்கம்தான் வருது."

"வர்ணிப்பு இல்லாம வேலைக்கு ஆவாது" என்றார் ஜேம்ஸ் அண்ணன். "சுவத்துக்கு அந்தாண்ட பாடுற பாப்பாவ கூப்டு. ரெண்டு வாரமா அது பாட்டுக்குத்தான நாம வாசிச்சிகினு கீறோம்." எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும் மாமா. ஓடிப்போகத்தான் திரும்பினேன். ஆனால் அப்பா சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்திருந்தார். அம்மா காதில் ஒரு வார்த்தை சொன்னேன். உங்கள் அக்காவுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததே. "சுவரு இருந்தா பாடுவாளாம்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்.

சுவருக்கு எங்கே போவது? கூழ் காய்ச்சிய இடத்தில் காற்றுக்கு மறைப்பாக இருந்த ஓலைத் தட்டியைப் பிடுங்கி வந்து நிறுத்தினார்கள். நான் அதன் பின்னால் மைக்கோடு குந்தி, பாத்திரம் தேய்ப்பதாக நினைத்துக்கொண்டு கண்ணை மூடிப் பாடினேன். கிடார் வந்து சேர்ந்தது. பீப்பாய் பின்னாலேயே வந்தது. மூன்றாவது அடியில் பொன்னியம்மாவின் கொட்டாவி பாதியில் நின்றது. நான்காவதில் அவளுடைய கூந்தல் அவிழ்ந்தது. செங்கல்வராயன் பெரியப்பாவின் காலும் ஆடியது. தனக்கும் அருள் வந்ததாகத்தான் இன்றுவரை சொல்கிறார். ஆனால் தேவராஜ் அண்ணன் வியர்வை துடைக்க நிறுத்தியபோதெல்லாம் அந்தக் காலும் நின்றதை எல்லோரும் பார்த்தார்கள்.

"தாயே, கூழு ஊத்தலாமா?" என்று அப்பா கேட்டார்.

"ஊத்தலாம்டா. மொதல்ல அந்தத் தட்டிய எட்றா! என்னிய கூப்ட்டவள நான் பாக்க வேணாமா?"

தட்டியை எடுத்துவிட்டார்கள். ஐந்நூறு பேருக்கு நடுவில் நான். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஓடியிருப்பேன். சொன்னது அம்மன், எங்கே ஓடுவது? எழுந்து நின்று, கண்ணைத் திறந்து, மீதி வர்ணிப்பையும் பாடி முடித்தேன். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது முதல் கூழ் ஊற்றினார்கள். செங்கல்வராயன் பெரியப்பா மூன்று சொம்பு குடித்துவிட்டு, "சாவி உன் கையிலயே இருக்கட்டும் கன்னியப்பா" என்றார். ஆக, பாடியவர் யார் என்ற உங்கள் கேள்விக்குப் பதில்: ஊர் அம்பத்தூர், உங்கள் அக்கா மகள்.

கோஷ்டியால் ஊரில் நடந்த மாறுதல்களையும் எழுத வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இப்போது அடி வாங்காத டப்பா இல்லை. கொரட்டூரில் ஒரு கல்யாண வீட்டுக்காரர், "கிடார் கீதா?" என்று நாதஸ்வரக்காரரைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாராம். பொன்னியம்மா பழைய பம்பைக்கு இனி ஆடுவது கஷ்டம் என்கிறாள்.

ஆனாலும் மாமா, கோஷ்டி இப்போது இல்லை. மறுநாள் திங்கட்கிழமையே தேவராஜ் அண்ணனை செகண்ட் ஷிஃப்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஜேம்ஸ் அண்ணன் வெளியே வரும்போது அவர் உள்ளே போகிறார். கேட்டில் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைப்பதோடு சரி. ஜூலை ஏழு முதல் இருபத்தொன்பது வரை, கோஷ்டியின் ஆயுள் இருபத்து மூன்று நாள். நானும் இனிமேல் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதில்லை என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிட்டேன். ஆகவே காது குத்துக்கு அங்கேயே நல்ல மேளமாகப் பார்த்துக்கொள்ளவும்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சின்னவனுக்குக் காதில் வலி தெரியாமல் இருக்கக் கெங்கையம்மன் துணை நிற்பாள். எனக்கு இப்போது அவளிடம் கொஞ்சம் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
கீழ்ப்படிந்த மருமகள்
நாகவல்லி

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் பம்பைக்காரர் மதுரைவீரன் தட்டோடு வந்துவிட்டார். அதனால் மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை அடித்துவிட்டதாக நினைத்துப் படிக்கவும். வருகிற ஞாயிற்றுக்கிழமை நூம்பலில் இன்னொரு தெருவின் திருவிழாவாம். "அந்தப் பொண்ணும் அது கோஷ்டியும் இல்லாம நீ வராதன்னு சொல்ட்டாங்க" என்றார். தேவராஜ் அண்ணனுக்கு செகண்ட் ஷிஃப்ட் ஆயிற்றே என்று அம்மா இழுத்தாள். ஞாயிற்றுக்கிழமை எந்த ஷிஃப்டுக்கும் வேலை கிடையாது என்பது இந்தப் பத்து நாளாக எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அப்பா தட்டை வாங்கக் கை நீட்டினார். "உனுக்கில்ல கன்னியப்பா, பாப்பாவுக்கு" என்றார் மதுரைவீரன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வரேன்" என்றேன். தெருக்கோடி வரை கேட்டதாம்.

தைக்கு எங்கள் கோஷ்டி வேண்டுமென்றால், மாமா, இனி கடிதம் போட வேண்டாம். வெற்றிலை பாக்கோடு நேரில் வாருங்கள்.