வல்லாரையும் நீலக் கார்டும்

புதிதாக வாழ வந்த மருமகளுக்குக் கொஞ்சம் டாக்டர் புத்தி வருவது சகஜம். எனக்கு அது கொஞ்சமாக வரவில்லை.

எண்பதுகளில் கல்யாணமாகி, மலேசியாவில் புக்கிட் ரோத்தானுக்கு வந்தேன். வீட்டில் என் கணவர், நான், மாமனார். மாமியார் காலமாகிவிட்டார். மாமா ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தொழிலாளர் லயத்தையே ஒரே அதட்டலில் எழுப்பிய மனிதர், இப்போது குளித்துத் தலை துவட்டிக்கொண்டே மறுபடியும் குளிக்கப் போனார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்போம். அவருக்குக் குடியுரிமை நேர்முகம் வந்திருந்தது. குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாளக் கார்டோடு ஆயுசு முழுக்க இருந்தவர்; குடிமக்களுக்குத்தான் நீலம்.

"நீலக் கார்டு கெடச்சா போதும்மா. நானும் இந்த ஊர்க்காரன்னு சொல்லிட்டுக் கண்ண மூடிருவேன்" என்பார்.

அதிகாரி ருக்குன் நெகாராவைக் கேட்பார் என்றார்கள். நாட்டின் ஐந்து கோட்பாடுகள்; மலாயில் சொல்ல வேண்டும். மாமாவுக்கு மூன்றுக்கு மேல் வரவில்லை.

அந்த நேரம் பார்த்து ஏதோ ஒரு ஞாயிறு பத்திரிகையில், வல்லாரை ஞாபகசக்தியை வளர்க்கும், சீனி மூளையை மந்தமாக்கும் என்று போட்டிருந்தான். போதாதா? வாய்க்கால் ஓரம் வல்லாரை மண்டிக்கிடந்தது. காலையில் சாறு, மத்தியானம் துவையல், ராத்திரி கூட்டு. கோப்பியில் சீனி கட். டின் பால் கட். சோறு ஒரு கரண்டி.

மருமகளிடம் சாப்பாட்டைப் பற்றி வாய் திறக்காத அந்தக் காலத்து மாமனார் அவர். தட்டில் விழுந்ததைப் பேசாமல் சாப்பிட்டார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். (எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.)

மூன்று கோட்பாடு இரண்டாயிற்று. ஒரு நாள் என்னை மாமியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் நிறுத்திப் பாரேன் லா" என்றார் என் கணவர்.

மருந்து முதலில் கிளறிவிட்டுத்தான் குணமாக்கும் என்றேன். இதை எனக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை. அளவை இரட்டிப்பாக்கினேன்.

நேர்முகத்தன்று காலை, வெறும் வயிற்றில் பெரிய கிளாஸ் சாறு மட்டும் கொடுத்துக் கிள்ளான் அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். துணைக்கு உள்ளே உட்காரவும் விட்டார்கள். மலாய்க்கார அதிகாரி பொறுமையாக முதல் கோட்பாட்டைக் கேட்டார். மாமா சுவரைப் பார்த்தார். இரண்டாவதைக் கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். அவர் நெற்றியில் வேர்வை, கையில் நடுக்கம். போச்சு, அவர் ஆசையில் நானே மண்ணைப் போட்டுவிட்டேன் என்று அழுகை முட்டியது.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார்.

"பெகாகா, துவான்." வல்லாரைக்கு மலாயில் அதுதான் பெயர்; துவான் என்றால் ஐயா.

நேற்று?

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தமிழில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதவர், மலாயில் தடங்கலே இல்லாமல் கொட்டினார். காலையும் பெகாகா, மத்தியானமும் பெகாகா, ராத்திரியும் பெகாகா. சீனி இல்லை, பால் இல்லை. மருமகள் நல்ல பெண்தான், துவான். ஆனால் நான் மாடு இல்லையே?

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கென்டீனிலிருந்து டின் பால் ஊற்றிய தேயும் (எங்கள் ஊரில் டீயைத் தே என்போம்) பலகாரமும் வரவழைத்தார். மாமா கடைசிச் சொட்டுவரை குடித்தார். வாயைத் துடைத்தார். ஐந்து கோட்பாடுகளையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிட்டு, கேட்காமலே சுல்தான் பெயரையும் சொன்னார்.

நீலக் கார்டு வந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் தூங்கினார்.

எது வேலை செய்தது என்பதில்தான் இன்றுவரை குழப்பம். தே என்றார் என் கணவர். வல்லாரை அன்றைக்குத்தான் பிடித்தது என்றார் பக்கத்து வீட்டு அக்கா. பசி போனதும் புத்தி வந்தது என்றார் மாமா. இப்போது வாரம் ஒரு கட்டுரை வருகிறது. ஒன்று மீன் தின்னச் சொல்கிறது, ஒன்று கீரை தின்னச் சொல்கிறது. படிக்கப் படிக்க எனக்கு இருந்ததும் மறந்துபோகிறது.

எங்கள் வீட்டில் யாரும் சாப்பாட்டை வேண்டாம் என்று சொல்வதில்லை. "நான் மாடு இல்லையே, துவான்" என்பார்கள். பேரப்பிள்ளைகள்கூட.

போன மாதம் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை என் மருமகள் ஒரு கிளாஸ் பச்சைச் சாற்றைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

"எனக்குப் பொறந்ததுலேர்ந்தே நீலக் கார்டும்மா" என்றேன். "தே கொண்டா, சீனி போட்டு."