வண்டிச் சத்தம்

"வண்டிச் சத்தம் ரொம்ப சாஸ்தியா இருக்குதாமுங்க. கொறைக்காட்டி அடுத்த நடைக்கு வேற வண்டீன்னு மொதலாளி சொல்லீட்டாருங்க."

பனியன் கம்பெனி வாட்ச்மேன் மணியன் இதைச் சொன்னதிலிருந்து கந்தவேலுக்கு அதே யோசனை. தாராபுரத்திலிருந்து அந்தக் கம்பெனிக்கு நூல் மூட்டை கொண்டுவருவது ஒன்றுதான் அவன் பிழைப்பு. அது போனால், பட்டாளத்து ஏலத்தில் எடுத்த வேனில் கோழி அடைக்க வேண்டியதுதான்.

தப்பு அவன் பேரில்தான். சும்மா ஓட்டுகிற ஆளா அவன்? ஆக்சிலேட்டரை அமுக்கி அமுக்கி விட்டு, எஞ்சினிலேயே கும்மிப் பாட்டு வாசிப்பான். கியரை மாற்றினால் சுருதி மாறும், தாளத்துக்கு ஹாரன். அவிநாசிபாளையத்தில் பெண்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல்தான் ஆளைக் கெடுத்தது.

இன்று பாட்டுமில்லை, ஹாரனுமில்லை. பூனை மாதிரி அவிநாசிபாளையத்துக்குள் நுழைந்தான். சாலையில் சோளம் காயப்போட்டுத் துழாவிக்கொண்டிருந்த ரங்காத்தாள் திரும்பியே பார்க்கவில்லை. அவள் மேல் மோதாமலிருக்க ஸ்டீயரிங்கை ஒடித்ததில் வேன் சோளத்தின் மேல் ஏறி நின்றது.

"ஏனுங்க, எப்பவும்போலப் பாடிட்டு வந்தா ஒதுங்க மாட்டமுங்களா?"

அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சிவிட்டுக் கிளம்பினான். திருப்பூர் நெருங்க நெருங்க, எஞ்சின் என்றைக்கும் இல்லாமல் உறுமுவதாகத் தோன்றியது. கம்பெனிக்கு நாலு தெரு முன்னால் இறங்கி, வண்டி துடைக்க வைத்திருந்த பனியன் வெட்டுத்துணியை அள்ளி சைலன்சர் வாயில் திணித்தான். எஞ்சின் இருமியது, விக்கியது, நின்றேவிட்டது. துணியை இழுத்தால் வரவில்லை. பாவி மனுஷன் அழாத குறை.

கடைசியில் லோடுமேன்கள் நாலு பேரைப் பிடித்து, வேனைத் தள்ளிக்கொண்டே வந்து கம்பெனி வாசலில் நிறுத்தினான்.

முதலாளி லிங்கசாமி வெளியே வந்தார்.

"சத்தத்தக் கொறைச்சயா, கந்தவேலு?"

"கொறைக்கறதென்னுங்க, இனிமே உங்களுக்குச் சத்தமே கெடையாதுங்க. முருகன் மேல சத்தியமுங்க."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு பேரு கேட்டாச்சு. பேச்சு மாறக் கூடாது, ஆமா."

"ஆயுசுக்கும் மாற மாட்டனுங்க."

முதலாளி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு உள்ளே போனார். கந்தவேலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மணியன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"ஏனுங்க, மொதலாளி சத்தம்னது வண்டி வாடகையத்தானுங்களே, அதையே வேண்டாமுன்னுட்டீங்க, இனிப் பெட்ரோலுக்கு என்னங்க பண்ணுவீங்க?"