கிருஷ்ணகிரியில் நான் பார்க்காத கோல்

பொய் சொல்கிறவர்களில் பாதிப் பேர் லாபத்துக்காகச் சொல்கிறார்கள், மீதிப் பேர் பயத்தில் சொல்கிறார்கள். நான் சொன்னது ஒரு பெஞ்சில் உட்கார இடம் கிடைக்கும் என்பதற்காக. அதே பொய்யைப் பிறகு மைக்கில், இறந்துபோன மனிதரின் மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதியில் தெரிந்து நீங்கள் முகம் சுளிப்பதற்கு இது எவ்வளவோ தேவலை.

அருப்புக்கோட்டையிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் அது. எனக்கு இருபத்தொன்பது வயது. வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வாரத்தில் ஆறு நாள் இரும்பு வளையங்களை அளந்து பார்ப்பேன். வளையங்கள் பேசாது. ரூமில் கூட இருந்த செல்வத்துக்கு நிரந்தர நைட் ஷிஃப்ட். நான் கிளம்பும்போது அவன் வருவான். நான் வரும்போது அவன் கிளம்புவான். நாலு மாதத்தில் அவனை விழித்த நிலையில் மொத்தமாக ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் அதிகம். வீட்டுக்காரர் வீட்டில் தெலுங்கு, எதிர் வீட்டில் கன்னடம். மளிகைக் கடைக்காரர் மூன்று பாஷையும் பேசுவார். என் தமிழைக் கேட்டதும் "எந்தூரு நீங்க?" என்பார். சொல்வேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கொடுமை. வேலையில்லாமல் டவுன் பஸ் ஏறி பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வருவேன். (கூட்டத்தில் நாலு பேர் தோளில் இடிப்பார்கள் இல்லையா, அதற்கு.) ஒரு தடவை வீட்டு மனை வேண்டுமா என்று ஒரு பெண் போன் செய்தாள். வேண்டாம் என்று சொன்னால் வைத்துவிடுவாளே என்று, தண்ணீர் வசதி எப்படி, வாசல் எந்தத் திசை, பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்று இருபது நிமிஷம் விசாரித்தேன். கடைசியில் அவளே, "சார், நான் வெச்சிடட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

அப்படி ஒரு ஞாயிறு, சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு மைதானத்து ஓரமாக டீக்கடையைப் பார்த்தேன். வெளியே நீள பெஞ்சு. அதில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஐந்தாறு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து, ஒரே சமயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைச் சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ. மீசை வைத்த மனிதர், தோள் வரைக்கும்தான் படம். கீழே 'மின்னல் ஃபுட்பால் கிளப் எல்லப்பா' என்று எழுதியிருந்தது. வேறு பார்க்க எதுவும் இல்லாததால் நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர் என்னைக் கவனித்துவிட்டார். பெயர் முனிராஜ், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார், மின்னல் கிளப்பின் ரசிகர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி என்பது பிறகு தெரிந்தது.

"எல்லப்பாண்ணனத் தெரியுமா தம்பி?" என்றார்.

தெரியாது என்றால் 'சரி' என்று திரும்பிக்கொள்வார். அதை நாலு மாதமாகப் பார்த்தவன் நான். என் வாய் என்னைக் கேட்காமல், "ஆட்டத்தையே பாத்திருக்கேண்ணே" என்றது.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் நகர்ந்து ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டார்கள். என் கையில் டீ வந்தது. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். ஓசூர் என்றால் மாட்டிக்கொள்வேன் என்று புத்திசாலித்தனமாக, கிருஷ்ணகிரியில் என்றேன். சின்ன வயதில் சித்தப்பா வீட்டுக்கு லீவுக்கு வந்தபோது. (எனக்குச் சித்தப்பாவே கிடையாது. கிருஷ்ணகிரி என்றால் மாம்பழம் என்பது மட்டும் தெரியும் என்பதால் அவரை ஒரு மாங்கூழ் கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.)

பெஞ்சு அமைதியாகிவிட்டது. முனிராஜ் அண்ணன் தாழ்ந்த குரலில், "அந்த ஃபைனலா?" என்றார்.

அதேதான் என்றேன்.

மின்னல் கிளப் தன் வாழ்நாளில் வாங்கிய ஒரே பெரிய கோப்பை அந்த கிருஷ்ணகிரி ஃபைனலில் வாங்கியது. எல்லப்பா ஒற்றை ஆளாக நின்று வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்கள் பேச்சு. ஆனால் அந்த ஆட்டத்தை இவர்கள் ஒருவரும் பார்க்கவில்லை. ரசிகர்கள் ஏறிப் போன லாரி சூளகிரியில் நின்றுவிட்டது. சரி செய்து, போய்ச் சேர்ந்தபோது மைதானத்தில் கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்களாம். ஆடியவர்களும் பிற்பாடு ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்கள். இருபது வருஷமாக அந்தப் பெஞ்சு பார்க்காத ஒரு ஆட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. நான், கண்ணால் கண்ட சாட்சி, நடந்து வந்து அவர்கள் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் போக இடம் இருந்தது. "அருப்புக்கோட்டை வரல?" என்று கேட்பார்கள் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது. ஆட்டத்தைப் பற்றி யாராவது கேட்டால், தொண்டை அடைத்தவன் மாதிரி, "அத வார்த்தையில சொல்ல முடியாதுண்ணே" என்பேன். நானாக எதையும் கேட்க மாட்டேன். கேட்டால் தெரியாதவன் என்று தெரிந்துவிடும். கால்பந்தைக் காலால் உதைப்பார்கள் என்பதோடு என் ஞானம் முடிவடைந்தது.

எல்லப்பா இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, மைதானத்திலேயே நினைவு நாள் நடத்துகிறோம் என்று ஒரு ஞாயிறு முனிராஜ் அண்ணன் சொன்னார். காலையில் பழைய ஆட்டக்காரர்கள் மேட்ச், பிறகு கூட்டம், பிறகு குஸ்கா. எல்லாம் சொல்லிவிட்டு என் தோளில் கை வைத்து, "நீங்கதான் அந்த ஃபைனலப் பத்திப் பேசணும். எங்க யாருக்கும் அந்தக் குடுப்பன இல்ல" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சரிண்ணே என்றேன்.

போனில் தேடினேன். எல்லப்பா என்ற பெயரில் ஒரு பல் டாக்டர்தான் அகப்பட்டார். ஒற்றை ஆளாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்றால் கோல் போட்டுத்தானே கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வெளிநாட்டுக்காரர்கள் கோல் போடும் வீடியோக்களை வாரம் முழுக்கப் பார்த்தேன். ஒருவரிடமிருந்து ஓட்டத்தையும், இன்னொருவரிடமிருந்து திருப்பத்தையும் எடுத்து எல்லப்பாவுக்கு ஒரு கோல் தயாரித்தேன். கண்ணாடி முன்னால் கையைக் காலை ஆட்டிப் பழகியபோது, பகல் தூக்கத்திலிருந்த செல்வம் கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான். "ரெண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

நினைவு நாளன்று பந்தல் முழுக்கக் கூட்டம். மேடையில் எல்லப்பாவின் பெரிய படம், அதுவும் தோள் வரைக்கும்தான். முதல் வரிசையில் அவர் மனைவி லட்சுமம்மா, மடியில் ஒரு துணிப் பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஒருவர் கன்னடத்தில் பேசினார், ஒருவர் தெலுங்கில். எனக்குப் புரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இருந்திருக்காது. என் பெயரைக் கூப்பிட்டபோது, ராயக்கோட்டை பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெரியவர் வேர்க்க விறுவிறுக்க வந்து லட்சுமம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் புன்னகையோடு வணக்கம் வைத்துவிட்டு மேடை ஏறினேன்.

ஆரம்பித்தேன். மாங்கூழ் வாசனை வீசும் மாலை. சித்தப்பாவின் தோளில் நான். பந்து எல்லப்பாவின் காலுக்கு வருகிறது. இடது ஓரமாக ஓடுகிறார். ஒருவனை ஏமாற்றுகிறார். இன்னொருவன். மூன்றாவது ஆள் தரையில் விழுகிறான். முப்பது கஜத்திலிருந்து இடது காலால் ஒரு உதை. கோல்.

கையை மேலே தூக்கியபடி நின்றேன். கைதட்டல் வரவில்லை. மெய்மறந்துவிட்டார்கள் என்று நினைத்து (அப்படித்தான் நினைத்தேன், சத்தியமாக) கையை இறக்காமல் இன்னும் கொஞ்சம் நின்றேன். முனிராஜ் அண்ணன் பக்கத்தில் வந்து என் காதில் மெதுவாகச் சொன்னார். மைக் அதையும் பிடித்து மைதானம் முழுக்கச் சொன்னது.

"தம்பி, அண்ணன் கோல்கீப்பரு."

இந்த இடத்தில் மானமுள்ளவன் இறங்கியிருப்பான். நான் மைக்கை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஆமா. அதனாலதான் அவர் வருவாருன்னு யாருமே எதிர்பாக்கல" என்றேன்.

ராயக்கோட்டைப் பெரியவர் எழுந்தார். பெயர் மாதப்பன். கோபமாகக்கூட இல்லை, கணக்குத் தப்பாகப் போட்டவனுக்கு வாத்தியார் சொல்வது மாதிரி சொன்னார்: "அந்த மேட்ச்ல அவனுக்கு முன்னால பேக் ஆடுனது நான்தான். ரெண்டு பக்கமும் கோலே உழல. பெனால்ட்டியில மூணு பந்த எல்லப்பன் புடிச்சான். அதுலதான் கப்பு வந்துச்சு."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது முன்னால் பரவி வந்தது. முதல் வரிசைக்கு வரும் முன் நான் இறங்கிவிட்டேன். முனிராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஏமாந்த முகத்தோடு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரும் சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பந்தலுக்குப் பின்னால் குஸ்கா அண்டா இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். ஓடிவிடலாம். ஆனால் ரூமுக்குப் போய் என்ன செய்வது? இனி அந்த டீக்கடை இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி டவுன் பஸ்தான் என்று நினைத்தபோது, முப்பதை நெருங்கும் ஆண்பிள்ளை, ஒரு அண்டாவுக்குப் பின்னால் அழுதேன்.

புடவை சரசரப்புக் கேட்டுத் திரும்பினால் லட்சுமம்மா. எழுந்து நின்றேன். திட்டப்போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டேன். அவர் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ அந்த மேட்ச பாக்கலதானே?"

"இல்லம்மா. அவரு ஆடுன எந்த மேட்சுமே பாத்ததில்ல."

"நானும் பாக்கல. ஒண்ணுகூட. அப்பல்லாம் பொம்பளைங்க எங்க போறது? அவரு வந்து முட்டியக் களுவுவாரு. ரத்தத்தப் பாத்து, ஓ இன்னிக்கு ஆட்டம்னு தெரிஞ்சிப்பேன்."

 பையைத் திறந்து ஒரு ஜோடி பழைய கையுறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மேடையில் காட்டுவதற்காகக் கொண்டுவந்தாராம். என் பேச்சுக்குப் பிறகு யாரும் அவரை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டார்கள்.

எல்லப்பாவுக்கு ஒரே ஒரு கோல் போட வேண்டும் என்று ஆசையாம். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால் இந்தப் பக்கம் அவர் ஒருத்தர்தான். பத்துப் பேரும் அங்கே ஓடிக்கொண்டிருப்பார்கள், கோல் விழுந்தால் அங்கேயே கட்டிப் பிடித்துக்கொள்வார்கள், இவர் இங்கிருந்து கையைத் தட்டிவிட்டு நிற்பாராம். "ஊரே இருக்குது, பக்கத்துல ஒரு ஆளு இல்ல லட்சுமி" என்று ஒரு தடவை சொன்னாராம்.

 மன்னித்துவிடுங்கள் என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"அந்த மூணாவது ஆள எந்தப் பக்கம் ஏமாத்துனாரு? அங்க சத்தத்துல சரியா கேக்கல" என்றார்.

சொன்னேன். மெதுவாக, ஆரம்பத்திலிருந்து, கையை ஆட்டாமல். நடுவில் ஒரு தடவை நிறுத்தி, இடது காலில் அவருக்கு வாதம், வலது காலால் உதைக்கட்டும் என்றார். அப்படியே செய்தேன். கோல் விழுந்தபோது லட்சுமம்மா கையுறையைத் தடவிக்கொண்டே தலையை ஆட்டினார்.

பிறகு அவரை மேடைக்குக் கூட்டிப் போய், கையுறை இருக்கிற விஷயத்தை முனிராஜ் அண்ணனிடம் சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வந்துவிட்டேன். அந்த மேடையில் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான்.

அடுத்த மூன்று ஞாயிறும் அந்தப் பக்கம் போகவில்லை. நாலாவது ஞாயிறு ரூம் கதவைத் தட்டியது முனிராஜ் அண்ணன். என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. டீ ஆறுகிறது என்று மட்டும் சொன்னார். பெஞ்சில் என்னை ஓரத்தில்தான் உட்காரவைத்தார்கள். நடுவில் உட்கார ஒன்றரை வருஷம் ஆயிற்று.

அதற்குள் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெண் வீட்டார் சேலத்துக்காரர்கள். பையன் எப்படி என்று விசாரிக்க வந்தவர்களை யாரோ அந்த டீக்கடைக்கே அனுப்பிவிட்டார்கள். முனிராஜ் அண்ணன் தங்கமான பையன், குடி கிடையாது, வேலைக்கு ஒழுங்காகப் போவான் என்றெல்லாம் நற்சான்று கொடுத்துவிட்டுக் கடைசியில் சேர்த்துக்கொண்டாராம்: "ஆனா கண்ணால பாத்தேன்னு எதுனா சொன்னா மட்டும் நம்பாதீங்க."

மாமனார் ஏன் என்று விசாரித்துக்கொண்டு போய் வீட்டில் சொல்ல, கதை முழுக்கத் தெரிந்துதான் என் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நான் எதையும் பார்த்ததாகச் சொல்ல முடியாது. தெருமுனையில் பால் வண்டி வந்துவிட்டது என்றால்கூட வேறு ஒருவர் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

போன மாதம் ஒரு துக்கத்துக்காக நாட்றாம்பாளையம் போய்விட்டுத் தனியாகத் திரும்பினேன். பஸ்ஸில் கடைசி சீட்டு. வழியில் காட்டோரமாக பஸ் நின்றது. முன்னால் இருந்தவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, ஜன்னலுக்கு வெளியே யானைகள் ரோட்டைக் கடந்து போயின. அவ்வளவு பக்கத்தில், அவ்வளவு சத்தமில்லாமல். வாழ்க்கையில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். மனைவி மகளைப் பார்த்தாள். எட்டு வயது மகள் ஹோம்வொர்க்கிலிருந்து தலையைத் தூக்காமல், "அதுல கோல்கீப்பர் எதுப்பா?" என்றாள்.

மூன்று யானைகள். அதில் ஒன்று குட்டி. நீங்களாவது நம்புங்கள்.